எம்ஜிபி காரில் நீளமான சக்கர ஸ்டட்களைப் பொருத்துதல்

சக்கர ஸ்டட் என்பது காரின் ஹப்பில் பின்பக்கத்திலிருந்து இறுக்கமாகச் செருகப்பட்டு, முன்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் மரை வெட்டிய எஃகுத் தண்டு ஆகும். சக்கரத்தின் துளைகளை இந்தத் தண்டுகளின் மேல் மாட்டி, நட் போட்டு இறுக்குவார்கள். சில கார்களில் தனி போல்ட் ஒன்றை வெளியிலிருந்து ஹப்புக்குள் திருகும் ஏற்பாடு உண்டு. ஸ்டட் அப்படியல்ல. அது ஹப்பிலேயே நிலையாக இருக்கும், நட் மட்டுமே கழன்று வரும். பழைய விளையாட்டுக் கார்களில் வேறு வகைச் சக்கரம் மாட்ட விரும்புவோர், பல நேரங்களில் முதலில் இந்த ஸ்டட்களை மாற்றி நீளமானவற்றைப் போட வேண்டியிருக்கிறது. அதற்கான காரணத்தையும் முறையையும், கவனிக்காவிட்டால் நேரும் ஆபத்துகளையும், எம்ஜிபி என்ற பிரித்தானியக் காரை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

எம்ஜிபி கார்

எம்ஜிபி 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டன் நகரில் தயாரிக்கப்பட்ட இரண்டு இருக்கை விளையாட்டுக் கார். இதன் எஞ்சின் 1798 கன சென்டிமீட்டர் கொள்ளளவு உடையது. மேற்கூரை திறக்கும் வகை முதலில் வந்தது. நிலையான கூரையுடன் ஜிடி என்ற வகை 1965இல் சேர்ந்தது. மொத்தம் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் உருவாயின. உதிரிப் பாகங்கள் இன்றும் தாராளமாகக் கிடைப்பதால், வீட்டுக் கொட்டகையில் தாமே பழுது பார்க்கும் ஆர்வலர்களின் விருப்பக் காராக அது நீடிக்கிறது.

இந்தக் காருக்கு இரண்டு விதச் சக்கர ஏற்பாடு இருந்தது. ஒன்று கம்பிச் சக்கரம். அதில் ஸ்டட்டே கிடையாது. பல்வரி வெட்டிய ஹப்பின் மேல் சக்கரத்தைத் தள்ளி, நடுவில் ஒரே ஒரு பெரிய நட்டைச் சுத்தியலால் தட்டி இறுக்குவார்கள். மற்றொன்று தகட்டுச் சக்கரம். இதில் நான்கு ஸ்டட்கள், 4.5 அங்குலம் (114.3 மி.மீ.) விட்டமுள்ள வட்டத்தின் மேல் அமைந்திருக்கும். ஸ்டட்டின் மரை 1/2 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 20 புரி என்ற யுஎன்எஃப் அளவு. இனி வருவதெல்லாம் இந்த இரண்டாம் வகைக்கே பொருந்தும்.

ஏன் நீளம் போதவில்லை?

தொழிற்சாலை கொடுத்த சக்கரம் அழுத்தி உருவாக்கிய எஃகுத் தகடு. நட் உட்காரும் இடத்தில் அதன் கனம் சில மில்லிமீட்டர்தான். ஸ்டட்டின் நீளமும் அதற்கேற்பவே வைக்கப்பட்டது. மினிலைட் போன்ற வார்ப்புச் சக்கரங்கள் வேறு மாதிரி. 1960களில் மக்னீசியத்தில் வார்த்து பந்தய மினி கார்களுக்குப் போட்டுப் புகழ்பெற்ற வடிவம் அது. இன்று அதே வடிவத்தில் அலுமினியக் கலவையில் பல நிறுவனங்கள் செய்கின்றன. எஃகை விட மென்மையான உலோகம் என்பதால், ஹப்பில் பதியும் பகுதியை நல்ல தடிமனாக வார்க்கிறார்கள். அந்தத் தடிமன் ஸ்டட்டின் நீளத்தை விழுங்கிவிடுகிறது. நட் பிடிப்பதற்கு நான்கைந்து புரிகளே மிஞ்சும்.

சக்கரத்தைச் சற்று வெளியே தள்ளுவதற்காக ஹப்புக்கும் சக்கரத்துக்கும் இடையே ஸ்பேசர் என்னும் வளையத்தட்டு வைத்தாலும் இதே நிலைதான். 10 மி.மீ. ஸ்பேசர் வைத்தால் 10 மி.மீ. மரை போய்விட்டது என்று பொருள். பின்சக்கரத்தில் இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். அங்கே பிரேக் டிரம் ஸ்டட்களின் மேல் வந்து உட்கார்ந்து, அதன் மேல்தான் சக்கரம் அமரும். டிரம்மின் கனமும் கணக்கில் சேரும். ஆகவே முன்னும் பின்னும் தனித்தனியாக அளக்க வேண்டும். ஒரு பக்கம் அளந்துவிட்டு எட்டுக்கும் பதினாறுக்கும் ஒரே அளவை வாங்குவது சரியல்ல.

எத்தனை புரி பிடிக்க வேண்டும்?

பொறியியல் நடைமுறையில் ஒரு விதி உண்டு. எஃகு ஸ்டட்டில் எஃகு நட் போடும்போது, மரை பிடிக்கும் நீளம் குறைந்தது ஸ்டட்டின் விட்டத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். எம்ஜிபியில் விட்டம் அரை அங்குலம். அங்குலத்துக்கு 20 புரி என்றால் அரை அங்குலத்துக்கு 10 புரி. ஆக, நட் மரையைப் பிடித்த கணத்திலிருந்து சக்கரத்தில் இறுகும்வரை குறைந்தது பத்து முழுச் சுற்று சுற்ற வேண்டும்.

இந்தச் சோதனைக்கு எந்தக் கருவியும் வேண்டாம். சக்கரத்தை மாட்டி, நட்டை விரலால் திருகி, வாய்விட்டு எண்ணினால் போதும். நட்டின் வாயில் சாய்வாகச் சீவிய பகுதி இருக்குமாதலால் பதினொன்று வந்தால் நிம்மதி. ஆறோ ஏழோ சுற்றில் நின்றுவிட்டால் அந்தச் சக்கரத்தோடு வண்டியைத் தெருவுக்கு எடுத்துச் செல்லக் கூடாது. கூம்பு வடிவ நட்டில் ஒரு பகுதி சக்கரத் துளைக்குள்ளேயே இறங்கி மரையைப் பிடிக்கும். வெளியிலிருந்து பார்த்து அளவுகோல் வைப்பதை விடச் சுற்றுகளை எண்ணுவது நம்பகமானது என்பதற்கு அதுவே காரணம்.

இழுவிசையும் உராய்வும்

ஸ்டட்கள் காரின் எடையைத் தோளில் சுமப்பதுபோல் தாங்குகின்றன என்று பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் அவற்றின் முதல் வேலை அதுவன்று. நட்டை இறுக்கும்போது ஸ்டட் மிக நுண்ணிய அளவு நீள்கிறது. நீண்ட ரப்பர் சுருங்கப் பார்ப்பதுபோல அதுவும் சுருங்க முயல்கிறது. அந்த முயற்சி சக்கரத்தை ஹப்போடு சேர்த்து அழுத்துகிறது. அழுத்தத்தால் எழும் உராய்வுதான் சக்கரத்தை நழுவாமல் பிடித்துக்கொள்கிறது. இரண்டு புத்தகங்களைக் கையால் சேர்த்து இறுக்கிப் பிடித்தால், ஒன்றை மட்டும் கீழே இழுக்க முடியாது அல்லவா? பிடியைத் தளர்த்தினால் உடனே வழுகும். அதே செய்திதான் இங்கும்.

இதைக் கணக்காகப் பார்ப்போம். எம்ஜிபியின் பணிமனைக் கையேடு சக்கர நட்டுக்கு 60 முதல் 65 அடி-பவுண்டு முறுக்குவிசை சொல்கிறது. 65 அடி-பவுண்டு என்பது சுமார் 88 நியூட்டன் மீட்டர். இழுவிசை காண, முறுக்குவிசையை ஸ்டட்டின் விட்டத்தாலும் 0.2 என்ற உராய்வு எண்ணாலும் வகுக்க வேண்டும். 88ஐ 0.0127ஆலும் 0.2ஆலும் வகுத்தால் ஏறத்தாழ 34,600 நியூட்டன் வருகிறது. அதாவது ஒரு ஸ்டட் மூன்றரை டன் விசையுடன் சக்கரத்தை அழுத்துகிறது. நான்கும் சேர்ந்து 14 டன். உராய்வுக் குணகத்தை 0.15 என்று எடுத்தாலும், சக்கரத்தை நழுவச் செய்ய இரண்டு டன் விசை தேவை. ஒரு சக்கரத்தின் மேல் காரின் எடை கால் டன் அளவே என்பதை நினைத்தால், பாதுகாப்பு எவ்வளவு தாராளமாக வைக்கப்பட்டிருக்கிறது என்பது விளங்கும்.

நட் தளர்ந்துவிட்டால் இந்தக் கணக்கு முழுவதும் தலைகீழாகிவிடும். உராய்வு போய், சக்கரத்தின் துளை ஸ்டட்டை நேரடியாக மோதத் தொடங்கும். ஒவ்வொரு சுற்றிலும் ஸ்டட் ஒருமுறை இப்படியும் ஒருமுறை அப்படியும் வளையும். இந்தக் காரின் சக்கரம் கிலோமீட்டருக்கு ஐந்நூறு சுற்றுக்கு மேல் சுழல்கிறது. நூறு கிலோமீட்டரில் ஐம்பதாயிரம் வளைவுகள். ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்து ஒடிப்பதுபோல, எவ்வளவு நல்ல எஃகும் களைப்படைந்து முறியும். ஒன்று முறிந்தால் அதன் பங்கு மற்ற மூன்றின் மேல் விழும். பிறகு அவையும் அதிக நேரம் தாங்குவதில்லை. சக்கரம் கழன்று ஓடும் விபத்துகளில் பெரும்பாலும் நடப்பது இதுதான்.

எந்த ஸ்டட்டை வாங்குவது?

நீளம் ஒன்றை மட்டும் சொல்லி ஸ்டட் வாங்க முடியாது. தலைக்கு அருகே நீளவாக்கில் வரிப்பற்கள் வெட்டப்பட்டிருக்கும். ஹப்பின் துளையை விட அந்தப் பகுதியின் விட்டம் மிகச் சிறிதளவு கூடுதல். அழுத்திச் செருகும்போது பற்கள் ஹப்பின் உலோகத்தில் பதிந்து, ஸ்டட் சுழலாமல் தடுக்கும். இந்த விட்டம் குறைவாக இருந்தால் நட்டோடு சேர்ந்து ஸ்டட்டும் சுழலும். பிறகு இறுக்கவும் முடியாது, கழற்றவும் முடியாது. கூடுதலாக இருந்தால் ஹப்பில் விரிசல் விழலாம். எனவே பழைய ஸ்டட் ஒன்றைக் கழற்றி, வரிப்பற்களின் விட்டம், அவற்றின் நீளம், தலையின் கனம், தலையின் விட்டம் ஆகியவற்றை வெர்னியர் அளவியால் அளந்து குறித்துக்கொண்ட பிறகே வாங்க வேண்டும். தலை தடிமனாக இருந்தால் பின்னால் பிரேக் பாகங்களில் உரசும்.

அடுத்தது மரை. இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. நிசான், சுசுகி போன்ற ஜப்பானிய வண்டிகளில் 12 மி.மீ. விட்டம், 1.25 மி.மீ. புரி இடைவெளி கொண்ட மரை வழக்கம். எம்ஜிபியின் அரை அங்குல மரையை மெட்ரிக்கில் சொன்னால் 12.7 மி.மீ. விட்டம், 1.27 மி.மீ. இடைவெளி. இடைவெளி கிட்டத்தட்ட ஒன்றே. அதனால் எம்ஜிபியின் நட் 12 மி.மீ. ஸ்டட்டில் தடையில்லாமல் ஏறும், சற்று லொடலொடவென்று ஆடும், அவ்வளவே. கையால் திருகும்போது ‘எவ்வளவு எளிதாகப் போகிறது’ என்று மகிழ்ச்சிகூட வரும். புரிகளின் நுனி மட்டுமே ஒன்றையொன்று தொட்டிருப்பதால், முழுவிசையில் இறுக்கும்போதோ சாலையிலோ மரை வழித்துக்கொண்டு வந்துவிடும். பல வகை ஸ்டட்கள் கலந்து கிடக்கும் கடைப் பெட்டியிலிருந்து பொறுக்கி எடுப்போர் இதில் மிகவும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். புதிய ஸ்டட்டில் புதிய நட் ஆடாமல் ஓட வேண்டும் என்பதே அடையாளம்.

எஃகின் தரம் 10.9 அல்லது அதற்கு ஈடான அங்குலத் தரம் 8 இருந்தால் போதும். மேலே கண்ட 34,600 நியூட்டனை, அரை அங்குல ஸ்டட்டின் இழுவைப் பரப்பான 103 சதுர மி.மீ. ஆல் வகுத்தால் சுமார் 336 மெகாபாஸ்கல். இத்தரத்து எஃகு 830 மெகாபாஸ்கல் அளவு வரை நிரந்தரமாக நீளாமல் தாங்கும். ஆக இன்னும் கடினமான எஃகைத் தேடி அலைய வேண்டியதில்லை. மிகக் கடினமான எஃகை மின்முலாம் பூசினால் ஹைட்ரஜன் உட்புகுந்து நொறுங்கும் தன்மை வரும் என்பதும் உலோகவியல் பாடம்.

மூடிய நட் தரும் ஆபத்து

நீளமான ஸ்டட் போட்டுவிட்டு, பழைய மூடிய நட்டையே மாட்டுவது மிகவும் ஆபத்தான செயல். பளபளவென்று தொப்பி போல் மூடிய நட்டின் உட்குழி இவ்வளவு ஆழம் என்று ஒரு வரம்பு உண்டு. ஸ்டட் அதை விட நீளமாக இருந்தால், நட் சக்கரத்தைத் தொடும் முன்பே ஸ்டட்டின் நுனி தொப்பியின் உச்சியில் முட்டிவிடும். டார்க் ரெஞ்சு வைத்தால் ‘டிக்’ என்று ஒலிக்கும். 65 அடி-பவுண்டு ஆகிவிட்டதாக அது சொல்கிறது. பொய்யில்லை, ஆனால் அந்த இறுக்கம் முழுவதும் நட்டுக்கும் ஸ்டட்டுக்கும் இடையேதான். சக்கரத்தின் மேல் ஓர் அழுத்தமும் இல்லை. கண்ணுக்கும் கருவிக்கும் சரியாகத் தெரிந்து, சாலையில் மட்டும் தெரியவரும் தவறு இது.

தவிர்ப்பது எளிது. நட்டின் உள் ஆழத்தை ஒரு குச்சியால் அளந்து, சக்கரத்துக்கு வெளியே நீட்டும் ஸ்டட்டின் நீளத்தோடு ஒப்பிட வேண்டும். அல்லது இருபுறமும் திறந்த நட்டைப் பயன்படுத்தலாம். ஸ்டட்டின் நுனி நட்டைத் தாண்டி வெளியே தெரிந்தால் முழு மரையும் பிடித்திருக்கிறது என்று பார்த்தவுடனே சொல்லிவிடலாம். பந்தயக் கார்களில் திறந்த நட்டையே விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம். அழகுக்காகத் தொப்பி வேண்டுமென்போர் தொப்பியைத் தனியாக மாட்டிக்கொள்ளட்டும்.

நட்டின் அடிப்பகுதி வடிவமும் சக்கரத்துக்குப் பொருந்த வேண்டும். 60 பாகைக் கூம்பு, உருண்டை, தட்டை வாஷருடன் கூடிய குழாய் வடிவம் எனப் பல உண்டு. கூம்புக் குழியில் உருண்டை நட் போட்டால் ஒரு மெல்லிய வளையக் கோட்டில் மட்டுமே தொடும். அலுமினியம் நசுங்கி, சில நாட்களில் இறுக்கம் போய்விடும்.

முன்சக்கரங்கள்

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கியால் தூக்கி, உறுதியான தாங்கிகளின் மேல் இறக்கி வைக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்யக் கூடாது. அக்காலப் பிரேக் கட்டைகளில் கல்நார் கலந்திருந்தது. பழைய கட்டைகள் இருக்கும் வண்டியில் தூசியைக் காற்றடித்து ஊதாமல், ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும்.

காலிபரைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டுகளைக் கழற்றி, காலிபரைக் கம்பியால் மேலே கட்டித் தொங்கவிட வேண்டும். பிரேக் ரப்பர்க் குழாயில் அதன் எடை விழக் கூடாது. பிறகு ஹப்பின் நடு மூடியை எடுத்து, ஸ்பிலிட் பின்னை இழுத்து, நட்டைக் கழற்றினால் ஹப்பும் டிஸ்க்கும் சேர்ந்து வெளியே வரும்.

எம்ஜிபிக்கே உரிய ஒரு நுணுக்கம் இங்கு உண்டு. பெரும்பாலான கார்களில் கூம்பு உருளை பேரிங்கின் தளர்வு, நடு நட்டை எவ்வளவு இறுக்குகிறோம் என்பதைப் பொறுத்தது. எம்ஜிபியில் இரண்டு பேரிங்குகளுக்கு நடுவே ஒரு குழாயும், அதனுடன் மெல்லிய ஷிம் வளையங்களும் இருக்கும். நட்டை நன்றாகவே இறுக்கலாம். தளர்வை நிர்ணயிப்பவை ஷிம்கள். அவை கிரீஸில் ஒட்டிக்கொண்டு கண்ணுக்குத் தெரியாமல் போகும், துடைக்கும் துணியோடு குப்பைக்கும் போகும். இடது பக்கத்து ஷிம்களையும் வலது பக்கத்து ஷிம்களையும் தனித்தனிக் கிண்ணத்தில் போட்டு வைப்பது நல்லது. ஒன்று தொலைந்தாலும் திரும்பப் பூட்டும்போது பேரிங் இறுகிச் சூடாகும்.

டிஸ்க்கை ஹப்பிலிருந்து பிரித்தபின் ஸ்டட்டை எடுக்கலாம். லேத் பட்டறைகளில் இருக்கும் பிரஸ்தான் இதற்கேற்ற கருவி. ஸ்டட்டின் தலை இறங்கும் அளவுக்கு ஒரு தடித்த குழாய்த் துண்டை, அந்தத் துளைக்கு நேர் அடியில் வைத்து ஹப்பைத் தாங்க வேண்டும். தாங்காமல் அழுத்தினால் ஹப்பின் விளிம்பு வளையும். சுத்தியலால் அடித்து எடுப்போரும் உண்டு. பேரிங் வளையங்கள் ஹப்பில் இருக்கும்போது அடிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

புதிய ஸ்டட்டைப் பின்பக்கத்திலிருந்து நேராக வைத்து, தலை ஹப்பில் முழுமையாகப் பதியும்வரை பிரஸ்ஸால் அழுத்த வேண்டும். தலைக்கும் ஹப்புக்கும் இடையே தாள் நுழையும் இடைவெளிகூட இருக்கக் கூடாது. இருந்தால், பின்னால் சாலை அதிர்வில் அது மெல்ல உட்கார்ந்து, அத்தனை இறுக்கமும் தளர்ந்துவிடும். துளை தேய்ந்து ஸ்டட் எளிதாக நுழைந்தால், தலையை வெல்டிங் வைத்து ஒட்டும் யோசனை சிலருக்கு வரும். வேண்டாம். வெப்பத்தால் எஃகின் பதம் கெட்டு, ஒட்டிய இடத்தின் அருகே முறியும். ஹப்பை மாற்றுவதே வழி.

திரும்பப் பூட்டும்போது பேரிங்குக்குப் புதிய கிரீஸும், புதிய எண்ணெய்ச் சீலும், புதிய ஸ்பிலிட் பின்னும் போட வேண்டும். நட்டை 40 முதல் 70 அடி-பவுண்டுக்குள் இறுக்கி, பின் துளை நேராகும் இடத்தில் நிறுத்தலாம். ஹப்பை முன்னும் பின்னும் அசைத்தால் டயல் அளவியில் 0.002 முதல் 0.004 அங்குலம், அதாவது 0.05 முதல் 0.10 மி.மீ. தளர்வு காட்ட வேண்டும்.

பின்சக்கரங்கள்

பின்னால் கைபிரேக்கை விடுவித்து, பிரேக் சரிசெய்யும் திருகைத் தளர்த்தி, டிரம்மைப் பிடித்திருக்கும் இரண்டு சிறு திருகுகளை எடுத்தால் டிரம் வெளிவரும். ஹப்புக்குப் பின்னே பிரேக் தட்டு இருப்பதால், ஸ்டட் பின்பக்கமாக வெளியேற இடம் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். நீளமான புதிய ஸ்டட் உள்ளே நுழைய இன்னும் கூடுதல் இடம் வேண்டும். இடம் இல்லையென்றால் ஹப்பையே இழுக்க வேண்டியதுதான். பின்னாளில் வந்த குழாய் வகை அச்சில் ஹப்பின் நட் 150 அடி-பவுண்டு விசையில் இறுக்கப்பட்டிருக்கும். அதற்கு நீண்ட கைப்பிடியும் ஹப் இழுப்பானும் தேவை. இவை இல்லாதவர்கள் இந்தப் பாதி வேலையைப் பட்டறைக்குக் கொடுப்பதே நேர்மையான முடிவு.

வண்டியிலேயே ஸ்டட்டைச் செருக இடம் கிடைத்தால், வாஷர்கள் சிலவற்றை அடுக்கி, கிரீஸ் தடவி, பழைய நட் ஒன்றைத் தலைகீழாகப் போட்டு மெல்ல இறுக்கி, ஸ்டட்டை உள்ளே இழுக்கலாம். இதற்குக் கைஸ்பேனர் மட்டும் போதும். காற்றழுத்தத் துப்பாக்கியால் இழுத்தால் மரை சூடேறி உரசிக் கெடுவதும், ஸ்டட் அளவுக்கு மீறி நீள்வதும் நேரலாம். இழுக்கப் பயன்படுத்திய நட்டை அதன்பின் சக்கரத்துக்குப் போடக் கூடாது.

இறுக்கும் முறை

ஹப்பின் முகத்திலும் டிரம்மின் முகத்திலும் உள்ள துருவையும் பெயின்ட்டையும் கம்பித் தூரிகையால் நீக்க வேண்டும். பெயின்ட் அடுக்கு நசுங்கினால் இறுக்கம் குறையும். நட்களை எதிரெதிராக, இரண்டு மூன்று கட்டமாக இறுக்கி, கடைசியில் சக்கரம் தரையைத் தொட்டபின் டார்க் ரெஞ்சால் முடிக்க வேண்டும். வார்ப்புச் சக்கரம் செய்தவர் வேறு அளவு சொல்லியிருந்தால் அதுவே செல்லும்.

மரையில் எண்ணெய் விடலாமா என்று கேட்பவர்கள் பலர். முன்பு போட்ட கணக்கில் 0.2 என்பது உலர்ந்த மரைக்கானது. எண்ணெய் பட்டால் அது 0.15 அளவுக்கு இறங்கும். அதே 88 நியூட்டன் மீட்டரில் இழுவிசை 46,000 நியூட்டனைத் தாண்டும், அதாவது மூன்றில் ஒரு பங்கு கூடும். உலர் மரைக்குச் சொன்ன அளவை எண்ணெய் மரைக்குப் பயன்படுத்துவது தவறு. சுத்தமாக, உலர்வாக வைப்பதே பாதுகாப்பானது.

புதிய ஸ்டட்களின் தலையும், சக்கரத்தின் குழியும், முகங்களும் முதல் சில கிலோமீட்டர் ஓட்டத்தில் ஒன்றோடொன்று படியும். எனவே 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும், சக்கரம் ஆறியபின், மீண்டும் டார்க் ரெஞ்சு வைத்துப் பார்க்க வேண்டும். எல்லா நட்டும் சிறிது நகர்ந்தால் இயல்பு. ஒரே ஒரு நட் மட்டும் கால் சுற்றுக்கு மேல் நகர்ந்தால் அந்தச் சக்கரத்தைக் கழற்றி, ஸ்டட்டின் தலை முழுமையாகப் பதிந்திருக்கிறதா என்று பின்பக்கம் பார்க்க வேண்டும்.